செவிலி பார்த்தது: ஆன்ஸ்பாக்கை மறுபடி வாசிக்கும்போது

ஒவ்வொரு வருஷமும் மே 12 அன்று அந்தப் படம் வந்துவிடும். வெள்ளைத் தொப்பி, கையில் விளக்கு, தலைக்குப் பின்னால் ஒரு ஒளி. கீழே கருணையின் மறுபெயர் செவிலியர் என்கிற மாதிரி ஒரு வரி. எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் யாராவது ஒருவர் போடுவார், பத்துப் பேர் கை கூப்புவார்கள். என் தங்கை மட்டும் ஒன்றும் போடமாட்டாள். போன வருஷம் ஊருக்குப் போயிருந்தபோது இதைச் சும்மா கேட்டேன். உனக்குத்தான் ஒரு நல்ல சிஸ்டர் கிடைச்சாங்களே, ஒரு பூவாவது போடலாம்ல என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிராமலே சொன்னாள்: "கருணைன்னு யாருண்ணே சொன்னா? அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சொல்லவும் செஞ்சாங்க."

இந்தக் குறிப்பு அந்த வாக்கியத்திலிருந்து வருகிறது. முன்பு ஒருமுறை வாசித்து, அடிக்கோடு போட்டு, அலமாரியில் வைத்துவிட்ட ஒரு புத்தகத்தை அது மறுபடி எடுக்க வைத்தது. ரெனே ஆன்ஸ்பாக்கின் 'டிசைடிங் ஹூ லிவ்ஸ்'. யார் பிழைப்பது என்று தீர்மானித்தல் என்று தமிழில் சொல்லலாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகப் பதிப்பகம் 1993-இல் வெளியிட்டது. ஆன்ஸ்பாக் சமூகவியலாளர். அமெரிக்காவில் இரண்டு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மாதக்கணக்கில் இருந்து, டாக்டர்கள் சுற்று வரும்போது கூடவே நடந்து, கூட்டங்களில் ஓரமாக உட்கார்ந்து, செவிலியர்களோடும் பேசி எழுதியது. மருத்துவமனைகளின் பெயரை மாற்றியிருக்கிறார். முதல் தடவை வாசித்தபோது அறிவுச் சமூகவியலில் ஒரு நல்ல ஆய்வு என்று மட்டும்தான் எனக்குப் பட்டது.

புத்தகத்துக்குப் போகும் முன் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான் எங்கே நின்று இதை வாசிக்கிறேன் என்பது தெரியாமல் போகும்.

பதினோரு வருடங்களுக்கு முன் தங்கைக்கு 29 வாரத்திலேயே வலி வந்துவிட்டது. ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். பெண் குழந்தை, ஒரு கிலோ நூறு கிராம். பெட்டியில் வைத்தார்கள். (இன்குபேட்டருக்கு எங்கள் பக்கத்தில் பெட்டி என்றுதான் பெயர். பெட்டியில வச்சிருக்காங்க என்று சொன்னால் கேட்கிறவர் முகம் மாறும்.) குழந்தைக்குப் பெயர் கிடையாது. 'பேபி ஆஃப்' என்று ஆரம்பித்துத் தாயின் பெயர். காலில் கட்டிய சீட்டிலும் அதுதான், மைக்கில் கூப்பிடுவதும் அதுதான். பேபி ஆஃப் இன்னார் அட்டெண்டர் யாரு என்று குரல் வந்தால் கம்பிக் கதவுக்கு வெளியே உட்கார்ந்திருக்கிற கூட்டத்தில் ஒருவர் எழுந்து ஓடுவார். மருந்து வாங்க, ரத்தம் ஏற்பாடு செய்ய, கையெழுத்துப் போட, அல்லது கடைசிச் செய்தியைக் கேட்க. எதற்கு என்று எழுந்திருக்கும்போது தெரியாது. பத்தொன்பது நாள் நானும் மைத்துனரும் மாறிமாறி அந்த அட்டெண்டராக இருந்தோம்.

இரவு டியூட்டியில் ஒரு சிஸ்டர். ஐம்பதை நெருங்கிய வயது, மூக்குக்கண்ணாடி, கொஞ்சம் கண்டிப்பான குரல். தேவதை மாதிரியெல்லாம் இல்லை. முதல் நாலு நாள் தங்கைக்குக் காய்ச்சல், மேல் மாடியிலிருந்து இறங்க முடியவில்லை, அதைக்கூட அந்த சிஸ்டர் என்னிடம் அதட்டித்தான் கேட்டார்: "அம்மா எங்க? நாலு நாளா பிள்ளையை வந்து பார்க்கல?" ஐந்தாம் நாள் தங்கை வந்தபோது அவள் கையைக் கழுவச் சொல்லி, பெட்டியின் ஓட்டை வழியாக உள்ளே விடச் சொல்லி, தடவாதே, சும்மா தலையில ஒரு கை காலுல ஒரு கை வச்சு அப்படியே இரு என்று காட்டிக் கொடுத்தவரும் அவர்தான். தடவினால் அந்த வயதுக் குழந்தை பதறும், கையை அசைக்காமல் வைத்தால் அடங்கும் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. பாலைப் பீய்ச்சிக் கொண்டுவரச் சொல்லுவார், ரெண்டு மில்லி வந்தாலும் கொண்டா என்பார். அது குழாய் வழியாக உள்ளே போகும். பக்கத்துப் பெட்டிக் குழந்தைக்கு அதன் அம்மா பாலாடையில் ஊட்டும்போது தங்கையைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, பார்த்துக்க, உனக்கு இன்னும் கொஞ்ச வாரத்துல இதுதான் வேலை என்று சொல்லியிருக்கிறார்.

பதினாறாம் நாள் ராத்திரி பதினொன்று இருக்கும். கதவைத் திறந்து என்னை அவரே கூப்பிட்டார். மைக் இல்லை. "நேத்து வரைக்கும் துணி மாத்தினா காலை உதைப்பா. இன்னைக்கு சும்மா கிடக்கா. தொட்டா முகம் சுளிக்கல. வயிறும் எனக்குப் பிடிக்கல. டியூட்டி டாக்டர்கிட்ட சொல்லியிருக்கேன், மானிட்டர்ல எல்லாம் சரியா இருக்கு, காலைல பார்க்கலாம்னாரு. காலைல பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வருவாரு. நீங்களும் கேளுங்க. வயித்தைப் பாக்கச் சொல்லிக் கேளுங்க."

காலையில் பெரிய டாக்டர் வந்தார், கூட ஐந்தாறு பேர். கதவருகே நின்று எங்களிடம் பிள்ளை ஸ்டேபிளா இருக்கு என்று சொன்னார். நான் தலையாட்டினேன். அவ்வளவுதான். கேட்டால் அந்த சிஸ்டர்தான் சொன்னார் என்று தெரிந்துவிடுமோ, நாளைக்குப் பிள்ளையை இவர்கள்தானே பார்க்கணும், நமக்கென்ன தெரியும் என்று ஏதேதோ. மதியத்துக்கு மேல் வயிறு உப்பிவிட்டது. எக்ஸ்ரே எடுத்தார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு வருகிற, நெக் என்று சுருக்கிச் சொல்கிற குடல் அழுகல் நோய். பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள். ஒரு ராத்திரி முன்னால் பார்த்திருந்தால் பிழைத்திருப்பாளா என்பதை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த எடைக்கு, அந்த நோய்க்கு, அது எங்கே தொடங்கினாலும் அப்படித்தான் முடிந்திருக்கலாம். அந்த டியூட்டி டாக்டரும் தூங்காதவர்தான், அவரைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை.

இனி ஆன்ஸ்பாக். அவருடைய புத்தகத்தின் மையமான வாதம் இது. தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு குழந்தையைப் பற்றிய அறிவு மூன்று விதமான தடயங்களிலிருந்து வருகிறது. கருவிகளும் பரிசோதனைகளும் தருவது ஒன்று. கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, உடலைச் சோதித்துத் தெரிந்துகொள்வது இரண்டாவது. மூன்றாவது, குழந்தையோடு உறவாடும்போது மட்டும் கிடைப்பது: தூக்கினால் அடங்குகிறதா, குரலுக்குத் திரும்புகிறதா, ஊசி போட்டால் எப்படி அழுகிறது, நேற்றைக்கு இன்றைக்கு என்ன வித்தியாசம். மூத்த டாக்டர்கள் சில வாரங்களில் முறை மாறிவிடுவார்கள், பயிற்சி டாக்டர்களும் அப்படியே; அவர்கள் குழந்தையைச் சந்திப்பது பெரும்பாலும் எண்கள் வழியாக. செவிலியர் ஒரே குழந்தையின் பக்கத்தில் மணிக்கணக்கில், நாள்கணக்கில் இருக்கிறார். ஆகவே அவருக்கு மூன்றாவது தடயம் கிடைக்கிறது. இது குணத்தால் வந்த வித்தியாசமில்லை என்பதை ஆன்ஸ்பாக் அழுத்திச் சொல்கிறார். பெண் என்பதால் பரிவு, ஆண் என்பதால் கணக்கு என்று இல்லை. எங்கே நிற்கிறாய், எவ்வளவு நேரம் நிற்கிறாய் என்பதைப் பொறுத்து என்ன தெரியும் என்பது மாறுகிறது. இதை அவர் அறிவின் சூழலியல் என்கிறார்.

அடுத்த படிதான் முக்கியம். மூன்று தடயமும் கூட்டத்துக்கு வரும்போது சம மதிப்போடு வருவதில்லை. எண்ணுக்கு எடை அதிகம். செவிலியர் சொல்வது 'உள்ளுணர்வு', 'குழந்தைமேல பாசமாயிட்டாங்க' என்று ஆகிவிடுகிறது. அதாவது அவருடைய அறிவு உணர்ச்சியாக மொழிபெயர்க்கப்படுகிறது. மொழிபெயர்த்த பிறகு அதைப் பாராட்டலாம், ஏற்க வேண்டியதில்லை.

கருணை என்ற பாராட்டின்மேல் எனக்கு இருக்கிற சந்தேகம் இங்கேதான் தொடங்குகிறது. கீரை ஆய்ந்துகொண்டே தங்கை சொன்னது, ஆன்ஸ்பாக் ஒரு புத்தகம் முழுக்கச் சொன்னது. அந்த சிஸ்டர் எங்களுக்குச் செய்த பெரிய உதவி ஒரு மருத்துவத் தகவல். காலை உதைக்கவில்லை, முகம் சுளிக்கவில்லை, வயிறு சரியில்லை. மூன்று அவதானிப்புகள், மூன்றும் சரி. இதைத் தாண்டி, கதவுக்கு வெளியே இருக்கிறவனை நம்பி அதைக் கையில் கொடுத்தார். தன் சொல் எடுபடாத இடத்தில் குடும்பத்தின் சொல் ஒருவேளை எடுபடும் என்று நினைத்திருக்கிறார். இதைக் கருணை என்று சுருக்கினால், அவர் சொன்னது என்ன என்பது மறைந்து, சொன்ன குரலின் மென்மை மட்டும் மிஞ்சும். (மென்மையாகவும் சொல்லவில்லை என்பது வேறு.) நைட்டிங்கேலுக்கு நடந்ததும் இதுதான். போர்க்கால மரணங்களைக் கணக்கெடுத்து, 1858-இல் வண்ண வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டியவர் அவர். நமக்கு வந்து சேர்ந்தது விளக்கு மட்டும்.

நம் சொல்லையே பாருங்கள். நர்ஸ் என்பதற்குத் தமிழில் செவிலியர் என்று வைத்துக்கொண்டோம். அகப்பாடல்களில் பெற்றவள் நற்றாய், வளர்த்தவள் செவிலி. வளர்ப்புத்தாய் என்ற பொருளில் பாசம் என்ற வாசனையோடுதான் அந்தச் சொல்லை இப்போது கேட்கிறோம். ஆனால் பாடல்களில் செவிலிக்கு என்ன வேலை என்று பார்த்தால் வேறு மாதிரி இருக்கிறது. குறுந்தொகை 167, கூடலூர் கிழார் பாடியது, எல்லோரும் பள்ளியிலோ கல்லூரியிலோ படித்திருப்போம். புதுக் குடித்தனத்தில் தலைவி தயிர் பிசைந்த விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தாளிப்புப் புகை கண்ணில் ஏற, புளிக்குழம்பு வைக்கிறாள். அவன் நன்றாக இருக்கிறது என்று சாப்பிடுகிறான். அவள் முகத்தில் ஒரு சின்ன மலர்ச்சி. இல்லற இனிமைக்கு உதாரணம் என்று பாடம் நடத்துவார்கள். கூற்று யாருடையது என்பதைத் தாண்டிப் போய்விடுவோம். அந்த வீட்டுக்குப் போய்வந்த செவிலி, போக முடியாத நற்றாய்க்குச் சொல்வது அது. சேலையைக் கவனித்தது அவள். அந்த மலர்ச்சி எவ்வளவு மெல்லியது என்று கவனித்ததும் அவள். தலைவி வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. கொஞ்சம் விட்டால் கண்ணுக்குத் தப்பிவிடுகிற ஒரு மாற்றத்தை, அந்தப் பெண்ணைப் பிறந்ததிலிருந்து பார்த்துவந்தவள் மட்டும் பார்த்திருக்கிறாள், பார்த்ததைத் தாயிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கிறாள். ஆன்ஸ்பாக்கின் மூன்றாவது தடயத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தோன்றவில்லை. நுணுக்கமாகப் பார்ப்பது, பெற்றவளிடம் சொல்வது: செவிலி என்ற சொல்லுக்குள் இந்த இரண்டும் இருக்கின்றன. சொல்லை எடுத்துக்கொண்ட நாம் இதை எடுத்துக்கொள்ளவில்லை.

காவல் காப்பதும் செவிலிதான் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ராத்திரி தூங்காமல் இருந்து தலைவியைக் கண்காணிக்கிறவள், அவளால்தான் சந்திப்பு தவறிப்போகிறது. இந்தப் பக்கமும் இன்றைய வார்டில் அப்படியே இருக்கிறது. 1972-இல் ஃபனராஃப், கென்னல், கிளாஸ் என்ற மூன்று மருத்துவர்கள் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். எடை குறைந்த குழந்தைகளின் தாய்மார்கள் வார்டுக்கு எத்தனை தடவை வந்தார்கள், போன் செய்தார்கள் என்று எண்ணி, குறைவாக வந்தவர்களிடம் பிற்பாடு குழந்தை வளர்ப்பில் கோளாறுகள் அதிகம் என்று காட்டிய கட்டுரை. அவர்கள் நோக்கம் நல்லதுதான், தாயையும் குழந்தையையும் பிரிக்காதே என்பதற்காக வாதாடிய கூட்டம் அது. ஆனால் வருகையை எண்ணுகிற பழக்கத்துக்கு அது ஒரு அறிவியல் சாயத்தையும் கொடுத்தது. கரோல் ஹைமரும் லிசா ஸ்டாஃபனும் 1998-இல் எழுதிய 'ஃபார் த சேக் ஆஃப் த சில்ட்ரன்' இந்த எண்ணிக்கை அன்றாடத்தில் எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறது. யார் வந்தார்கள், எப்போது போன் செய்தார்கள், குழந்தையைத் தொட்டார்களா என்று செவிலியர் குறிப்பெழுதுகிறார். அந்தக் குறிப்புகளிலிருந்து 'பொறுப்பான பெற்றோர்', 'சரிப்படாத பெற்றோர்' என்று பெயர்கள் உருவாகின்றன. குடும்பத்தைத் தாங்கிப்பிடிக்கிற கையும் குடும்பத்தை மதிப்பெண் போடுகிற கையும் ஒரே ஆளுடையது.

"நாலு நாளா வந்து பார்க்கல?" என்ற கேள்வி இந்த இரண்டாவது கையிலிருந்து வந்தது. தங்கைக்கு அது இன்னும் தைத்துக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரியும். காய்ச்சல்தான் காரணம் என்று கேஸ் ஷீட்டில் யாராவது எழுதியிருப்பாங்களா, இல்ல தாய் வரலைன்னு மட்டும் எழுதியிருப்பாங்களா என்று ஒரு தடவை கேட்டாள். ஆகவே நல்ல சிஸ்டர் என்று நான் சொல்லும்போது இதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

ஆன்ஸ்பாக்கின் இன்னொரு அத்தியாயம், என்னை இரண்டாவது வாசிப்பில் நிறுத்தியது. சிகிச்சையைத் தொடர்வதா நிறுத்துவதா என்ற கேள்வி வரும்போது பெற்றோர் எப்படி உள்ளே கொண்டுவரப்படுகிறார்கள் என்பது பற்றியது. முதலில் மருத்துவக் குழு தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருகிறது. பிறகு பெற்றோரை உட்காரவைத்து, ஒரே குரலில், வேறு வழியில்லாத ஒன்றாக அது சொல்லப்படுகிறது. பெற்றோரின் பங்கு சம்மதிப்பது. ஏன் இப்படி என்று கேட்டால் வருகிற பதில்: நீங்களே முடிவெடுங்கள் என்று விட்டால் வாழ்நாள் முழுக்கக் குற்ற உணர்வோடு இருப்பார்கள், பாவம். கவனியுங்கள், இங்கே பெற்றோரை வெளியே நிறுத்துவதற்கான காரணமே பரிவுதான். குழுவுக்குள் வேறு கருத்து இருந்தது, ஒரு செவிலியருக்குச் சந்தேகம் இருந்தது என்பதெல்லாம் பெற்றோர் காதுக்கு வராமல் போவதும் இந்தப் பரிவின் பேரால்தான். ஒத்துக்கொள்ளாத பெற்றோர் இருந்தால், அதிர்ச்சியில் இருக்காங்க, ஏத்துக்க முடியல என்று அவர்களுடைய கருத்தை மனநிலையாக மாற்றிவிடலாம். செவிலியருக்கு நடந்த அதே மொழிபெயர்ப்பு இவர்களுக்கும்.

குற்ற உணர்வு வராமல் காப்பாற்றுவது என்பதைப் பற்றி நான் கொஞ்சம் சொல்ல முடியும் என்று நினைக்கிறேன். ஸ்டேபிள் என்ற சொல்லால் எங்களை யாரும் காப்பாற்றவில்லை. எனக்குத் தெரிந்திருந்தது, நான் கேட்கவில்லை, அது இருக்கிறது. ஆனால் அந்த சிஸ்டர் சொல்லாமலே இருந்திருந்தால் நல்லது என்று இந்தப் பதினோரு வருஷத்தில் ஒருநாளும் நான் நினைத்ததில்லை. என் அனுபவம் ஒன்று, அதை வைத்துப் பொதுவிதி போட முடியாது. ஆனாலும் தெரியாமல் இருப்பது பெற்றோருக்கு நல்லது என்று சொல்கிறவர்கள் யாரிடம் கேட்டுச் சொல்கிறார்கள் என்று எனக்குக் கேட்கத் தோன்றுகிறது.

செவிலியர் தரப்பில் இதற்கு ஒரு பெயர் உண்டு. சரி எது என்று தெரியும், ஆனால் அமைப்பு அதைச் செய்யவிடாது என்கிற அந்த நெருக்கடியை ஆண்ட்ரூ ஜேமட்டன் 1984-இல் அறத் துயர் என்று சொல்லத்தக்க ஒரு தொடரால் குறித்தார். டேனியல் சாம்ப்லிஸ் 1996-இல் எழுதிய 'பியாண்ட் கேரிங்' அதை இன்னும் தரைக்குக் கொண்டுவந்தது. செவிலியருக்கு அறச்சிக்கல் என்பது எது சரி என்று தெரியாமல் திண்டாடுவது என்று நினைக்கிறோம், பெரும்பாலும் அது யார் சொல் எடுபடும் என்ற சண்டை என்கிறார் அவர். கலித்தொகையில் ஒன்பதாவது பாட்டில் உடன்போன மகளைத் தேடி வழியில் அலைவதும் செவிலிதான், எதிரே வந்த அந்தணர்கள் உவமை சொல்லி ஆற்றுவதும் அவளைத்தான். பேபி ஆஃப் என் தங்கை போன பிறகு அந்த சிஸ்டருக்கு யார் என்ன சொன்னார்கள் என்று நான் யோசித்ததே இந்தப் பாட்டை மறுபடி பார்த்தபோதுதான். அன்று ராத்திரியும் அவருக்கு டியூட்டி இருந்தது.

ஆன்ஸ்பாக்கோடு எனக்கு ஒரு பிணக்கு உண்டு. தலைப்பிலேயே 'தீர்மானித்தல்' இருக்கிறது, புத்தகமும் அதன் பின்னாலேயே போகிறது: கூட்டங்கள், முடிவுகள், கருத்து வேறுபாடுகள். ஆனால் ஒரு குடும்பத்துக்கு அந்த வார்டு வாழ்க்கை பெரும்பகுதி தீர்மானம் கிடையாது, காத்திருத்தல். ரெண்டு மில்லி பால். கையை அசைக்காமல் வைப்பது. பாலாடையைச் சாய்க்கிற கோணம். (பாலாடையை நம் பாட்டிமார் வைத்திருந்த சாமான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குறைமாதக் குழந்தைக்கு ஊட்ட அது எவ்வளவு உதவும் என்று மருத்துவ இதழ்களில் ஆய்வுக் கட்டுரைகளே இருக்கின்றன, ஆங்கிலத்திலும் பலாடைதான்.) செவிலியர் குடும்பத்தைத் தாங்குவது இந்தச் சின்ன வேலைகளில்தான் அதிகம் நடக்கிறது, இவையும் அறிவைக் கைமாற்றுவதுதான். ஐந்தாம் நாள் எங்கே கை வைப்பது என்று கற்றுக்கொடுத்ததும், பதினாறாம் நாள் ராத்திரி கதவைத் திறந்து சொன்னதும் எனக்கு ஒரே செயலின் இரண்டு முனைகளாகத் தெரிகின்றன. முதலாவது இல்லையென்றால் இரண்டாவது எங்களுக்குப் புரிந்தே இருக்காது. உதைப்பது நின்றுவிட்டது என்றால் என்ன அர்த்தம் என்று, உதைத்ததைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும்.

இதை வார்டு முழுக்கவே செய்து பார்த்த இடம் ஒன்று உண்டு. எஸ்தோனியாவில், தாலின் குழந்தைகள் மருத்துவமனையில், 1979-இல் ஆடிக் லெவின் என்ற மருத்துவர் நோயுற்ற பச்சிளங்குழந்தைகளின் தாய்மாரை இருபத்துநாலு மணிநேரமும் உள்ளேயே தங்கவைத்தார். குழந்தையைப் பார்த்துக்கொள்கிற வேலையில் பெரும்பகுதி தாய்க்கு, கற்றுக்கொடுப்பதும் மேற்பார்வையும் செவிலியருக்கு. பெரிய மனிதநேயத் தத்துவத்தால் மட்டும் வந்ததில்லை, நர்ஸ் பற்றாக்குறை. அங்கே கற்ற பாடத்தைக் கனடாவில் எடுத்துக்கொண்டு, கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் 26 பிரிவுகளில் சோதித்து 2018-இல் 'லான்செட்' குழும இதழில் வெளியிட்டார்கள். பெற்றோர் தினமும் ஆறு மணிநேரம் இருந்து, செவிலியரிடம் கற்று, தாங்களே கவனித்துக்கொண்ட பிரிவுகளில் குழந்தைகளின் எடை கூடுதலாக ஏறியது, பெற்றோரின் பதற்றம் குறைந்தது. இந்தியாவில் டெல்லி ராம் மனோகர் லோகியா மருத்துவமனையில் இதே வழியில் முயன்று பார்த்து, 2017-இல் மத்திய அரசு குடும்பப் பங்கேற்புப் பராமரிப்பு என்று வழிகாட்டு நெறிகளே வெளியிட்டது. என் தங்கை இருந்த வார்டில் அப்போது கம்பிக் கதவும் மைக்கும்தான்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது, சொல்லாமல் விடக்கூடாது. ஆள் போடாமல் இருப்பதற்கு இதையே சாக்காக்கலாம்: தாய் இருக்காளே, நர்ஸ் எதுக்கு. பிரிட்டனில் பச்சிளங்குழந்தை மருத்துவர் சங்கம் வகுத்திருக்கிற அளவு தீவிர சிகிச்சையில் ஒரு குழந்தைக்கு ஒரு செவிலியர். அந்த ராத்திரி எங்கள் சிஸ்டர் கையில் ஒன்பது பெட்டி இருந்தது, நான் எண்ணியிருக்கிறேன். ஒன்பதில் ஒன்று காலை உதைக்கவில்லை என்று அவர் கண்டுபிடித்தார். இதைத்தான் மே 12-இல் கருணை என்று போஸ்டர் அடிக்கிறோம். ஒன்பதை மூன்றாக்குங்கள் என்று எந்தப் போஸ்டரிலும் வருவதில்லை, தெய்வத்துக்கு உதவியாள் கேட்க யாருக்கும் தோன்றாதுதானே.

மேலே எழுதிய ராத்திரி விஷயத்தை, சிஸ்டர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னதை, வீட்டில் நான் யாரிடமும் சொன்னதில்லை. "சொல்லவும் செஞ்சாங்க" என்று தங்கை கீரையோடு சொன்னபோதுதான் அவர் அவளிடமும் சொல்லியிருக்கிறார் என்பது எனக்குத் தெரிந்தது. மாடிக்குப் போய்ச் சொன்னாரா, அடுத்த நாள் சொன்னாரா, நான் கேட்கவில்லை. இந்தக் குறிப்பைப் பதிவேற்றும் முன் அவளுக்கு அனுப்பி, இதைப் போடலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் குரல்பதிவு வந்தது, ஒரு நிமிடம்கூட இல்லை. பதினேழாம் நாள் என்று எழுதியிருக்கிறாய், பதினாறு, செவ்வாய்க்கிழமை என்றாள். கண்ணாடி போட்டவர் என்று எழுதியது சரி, ஒரு பக்கக் காது கம்பியில நூல் சுத்தியிருக்கும் என்றாள். போட்டுக்கோண்ணே என்றாள். நாளை மேலே திருத்திவிட்டேன். கேட்காமல் இருந்ததைப் பற்றி அவள் எதுவும் சொல்லவில்லை.